மாமாவின் மஜ்ஜையும் முத்திரை கழற்றும் நொதியும்

என் அக்காவின் கணவருக்கு முதுகுவலி வந்தபோது எங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், ஈரத் தோல்களை டிரம்மில் ஏற்றி இறக்கும் பிரிவுக்கு அவர் மேஸ்திரி. தண்ணீரில் ஊறிய தோல் என்ன கனம் இருக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பிரிவில் முதுகு வலிக்காத ஆளே கிடையாது. மாமா தைலம் தேய்த்துக்கொண்டார், இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டார், வேலைக்குப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது விலா எலும்பு முறிந்தது. குடம் தூக்கினால் எலும்பு முறியுமா என்று ஆம்பூர் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தவர், உடனே வேலூருக்குப் போகச் சொல்லிவிட்டார்.

நான் அப்போது வேலூரில்தான் இருந்தேன். ஒரு ஆய்வகத்தில் மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவி. கணியம்பாடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவள், இரவில் சோதனைகள் நீண்டுபோவதால் வேலூரிலேயே ஒரு பெண்கள் விடுதிக்கு மாறியிருந்தேன். ஆஸ்பத்திரியில் மாமாவின் பரிசோதனைத் தாளை அக்கா என்னிடம் நீட்டினாள்.

"நீ படிச்சவதானே, இன்னா போட்டிருக்குன்னு பாருடி."

பார்த்தேன். மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். அந்தப் பெயரை நான் அன்று காலையில்கூட என் கையால் எழுதியிருந்தேன். ஆய்வகத்தில் நான் வளர்த்துவந்தவை அந்த நோயின் செல்கள்தான். குடுவை குடுவையாக, இளஞ்சிவப்பு நிறத் திரவத்தில் மிதக்கும் செல்கள். ஒவ்வொரு குடுவையின் மேலும் பேனாவால் பெயரும் தேதியும் எழுதுவேன். மூன்று வருடமாக எனக்கு அது ஒரு குடுவையின் பெயர். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்த அந்தக் கணத்தில்தான் அது ஒரு நோயின் பெயராக என் காதில் விழுந்தது.

"கேன்சரா?" என்று மாமாவே கேட்டார்.

"ஆமா மாமா. ஆனா மருந்து இருக்கு."

"இருக்கில்ல? அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சியை இப்படி வச்சுக்கினு நிக்கிறீங்க?" என்றார்.

வாரத்துக்கு ஒரு ஊசி. வயிற்றில், தோலுக்கடியில் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் காட்பாடிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவார். அக்கா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்ததால் எல்லா வாரமும் அவளால் லீவு போட முடியவில்லை. அவள் வராத வாரங்களில் நான் போய் அவரோடு உட்கார்ந்துகொள்வேன். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கான காத்திருப்பு மூன்று மணி நேரம். அந்த நீளமான கூடத்தில், டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவில், மாமா ஒரு நாள் கேட்டார்.

"பாப்பா, இந்த ஊசி உள்ள போய் இன்னாதான் பண்ணுது?"

எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அக்காவுக்குக் கல்யாணம். அன்றிலிருந்து நான் அவருக்குப் பாப்பாதான்.

"நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் வேண்டாத புரதத்தை அரைச்சுப் போடற மெஷின் ஒண்ணு இருக்கு மாமா. இந்த ஊசி அந்த மெஷினை நிறுத்துது. உங்க நோய் செல்லு ராப்பகலா புரதம் செஞ்சு தள்ளுது. அதனால அதுக்குள்ள குப்பையும் ஜாஸ்தி. மெஷின் நின்னா அது தன் குப்பையிலயே மூச்சுமுட்டிச் செத்துடும். நல்ல செல்லுக்குக் குப்பை கம்மி, அது சமாளிச்சுக்கும்."

அதற்கு மாமா, "எதை அரைக்கணும், எதை வுடணும்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. பத்தாவது வரை படித்த மனிதர், ஒரு துறையே பல்லாண்டுகள் விடை தேடிய கேள்வியை டோக்கன் வரிசையில் உட்கார்ந்தபடி கேட்கிறார்.

"அரைக்க வேண்டிய புரதத்து மேல ஒரு முத்திரை விழும் மாமா. யுபிக்விடின்னு பேரு. அது வரிசையா ஒட்டிக்கிச்சுன்னா மெஷினுக்குள்ள இழுத்துக்கும்."

"ரிஜெக்ட் போட்ட தோல்ல அடையாளம் வைக்கிற மாதிரி."

"அதேதான். ஆனா இன்னொண்ணும் இருக்கு. அந்த முத்திரையைக் கழட்டறதுக்குன்னே நூறு வகை என்சைம் நம்ம உடம்புல இருக்கு."

"இன்னாத்துக்குக் கழட்டணும்?"

"தப்பா விழுந்துட்டா காப்பாத்தணுமில்ல? அதுக்குத்தான். ஆனா கேன்சர் செல்லு அதுல சிலதைத் தனக்குச் சாதகமா வச்சுக்குது. தான் வளர்றதுக்கு வேண்டிய புரதம் எதுவும் அரைபடாம, முத்திரையைக் கழட்டிக் கழட்டிக் காப்பாத்திக்குது. அந்த என்சைமோட வாயை அடைக்கிற மாதிரி ஒரு சின்ன மூலக்கூறு கிடைக்குமான்னுதான் நாங்க தேடறோம். இப்ப உங்களுக்குப் போடற ஊசி சில பேருக்குக் கொஞ்ச வருஷத்துல கேக்காமப் போய்டும். அப்ப இது உதவலாம்."

என்சைம் என்ற சொல் அவருக்குப் புதிதில்லை. முடி நீக்கிய தோலை மிருதுவாக்க டிரம்மில் என்சைம் பொடி போடுவது அவருடைய அன்றாட வேலை. "கட்டைவிரலை வச்சு அமுக்கிப் பார்ப்போம் பாப்பா. விரல் தடம் அப்படியே நின்னா பதம் வந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல வுட்டா தோலையே தின்னுடும்" என்றார். பிறகு, "அந்த முத்திரைன்னியே, அது இன்னாத்துல ஆனது?" என்று கேட்டார்.

"அதுவும் ஒரு குட்டிப் புரதம்தான். எழுபத்தாறு மணியைக் கோத்த மாதிரி இருக்கும். உங்க உடம்புல இருக்கிறதும் ஒரு ஆட்டோட உடம்புல இருக்கிறதும் ஒண்ணுதான் மாமா. ஒரு மணிகூட மாறாது."

"எந்த ஆடு? நம்ம கம்பெனிக்குத் தோல் வருதே, அந்த ஆடா?"

"எந்த ஆடானாலும். மாடு, கோழி எல்லாத்துக்கும் அதேதான். ரொட்டி மாவு பொங்க ஈஸ்ட் போடறாங்களே, அதுல மூணே மூணு மணிதான் வேற."

மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். சுண்ணாம்பும் உப்பும் பட்டுப் பட்டு வெளுத்துத் தடித்த கைகள். "முப்பது வருஷமா தோலைத் தொட்டுக்கினு கீறேன். இது தெரியாம போச்சே" என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. கோயிலில் திரை விலகும்போது சிலர் தங்களை அறியாமல் ஒரு சத்தம் எழுப்புவார்களே, அதுபோல ஒன்று. புத்தகத்தில் படித்து, தேர்வில் எழுதி, மறந்தும் போயிருந்த ஒரு செய்தி அவர் வழியாக எனக்குள் மறுபடி இறங்கியது. அன்று மாலை ஆய்வகத்துக்குப் போய் செல்களைப் பார்த்தபோது எனக்கும் அந்தச் சத்தம் தொண்டையில் நின்றது.

அடுத்த முறை மஜ்ஜைப் பரிசோதனை செய்தபோது, மிச்சமாகும் மாதிரியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். மாமா முழுவதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"உன்கிட்டதான் வருமா பாப்பா?"

"வரலாம். ஆனா குழாய்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். யாருடையதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, அது விதி."

"நல்ல விதிதான். தெரிஞ்சா நீ அழுவ" என்றார்.

நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த மூலக்கூறை எங்கள் கூட்டாளிகளான வேதியியல் குழு செய்து அனுப்பியிருந்தது. வெள்ளைப் பொடி, ஒரு சிட்டிகைகூட இருக்காது. அது அடைக்க வேண்டிய என்சைம், அதாவது நொதி, ஒரு கெட்ட புரதத்தைக் காப்பாற்றிவந்தது. அந்தக் கெட்ட புரதமோ, செல் கட்டுமீறினால் அதைச் சாகவைக்கும் காவல் புரதம் ஒன்றை ஓயாமல் அழித்துக்கொண்டிருந்தது. ஆக நொதியை அடைத்தால் கெட்டது அரைபட வேண்டும். காவல் புரதம் தலைதூக்க வேண்டும். தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டே அம்புக்குறிகள். செல்லில் அதைக் காண எட்டு மாதம் ஆயிற்று. பொடி கரையாது, கரைந்தால் திரிந்துபோகும். மின்சாரம் போய் ஒரு முறை எல்லாச் செல்களும் செத்தன.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் அந்தச் சவ்வை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தேன். திரையில் சாம்பல் நிறம் மெல்லத் தெளிந்தது. இடமிருந்து வலமாக ஆறு இடங்கள். போகப் போக மூலக்கூறின் அளவு கூடும். கெட்ட புரதத்தின் கருப்புப் பட்டை முதல் இடத்தில் தடித்து, அடுத்ததில் மெலிந்து, ஆறாவதில் இல்லவே இல்லை. அதற்குக் கீழே காவல் புரதத்தின் பட்டை. முதல் இடத்தில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு நிழல். ஆறாவதில், பேனாவால் அழுத்திக் கோடு போட்டதுபோல, கன்னங்கரேலென்று இருந்தது.

நான் நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். கண்ணால் காணவே முடியாத ஒரு பொருள், அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு நொதியின் இடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒன்று அழிந்து, இன்னொன்று எழுந்திருக்கிறது. அது நடந்ததற்கு உலகத்தில் அந்த நிமிடத்தில் நான் ஒருத்திதான் சாட்சி. போனை எடுத்தேன். பேராசிரியருக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் மாமாவைக் கூப்பிட்டேன்.

"மாமா, வேலை செய்யுது. மருந்து வேலை செய்யுது."

மருந்து என்ற சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. வலி குறைந்து அவர் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம் அது. அந்தப் பக்கம் டிரம் சுற்றும் சத்தத்துக்கு மேல் மாமா கத்தினார்: "மெய்யாலுமா? அப்படிப் போடு!"

பேராசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு" என்றார். அவர் அந்தச் சொல்லை என்னிடம் சொன்னது அதுவே முதல் தடவை. பிறகு, "சரி, நல்ல செல்லுல என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

அதற்குள் நோயாளிகளின் மஜ்ஜை மாதிரிகள் மூன்று வந்திருந்தன. எண்கள் மட்டும் எழுதிய மூன்று குழாய்கள். ஒன்றில் நோய்ச் செல்கள் பெரும்பாலும் செத்தன. இன்னொன்றில் கொஞ்சம். மூன்றாவதில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று மாமாவுடையதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குழாயைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் மூடியைத் திறந்தேன்.

ஆரோக்கியமானவர்கள் கொடுத்த ரத்தத்தின் செல்களில் சோதித்தபோது விஷயம் தெரிந்தது. அவையும் செத்தன. அதே அளவில், ஏறக்குறைய அதே வேகத்தில். முத்திரை கழற்றும் அந்த நூறு நொதிகளும் ஒரு குடும்பம். வாயின் அமைப்பு பலவற்றில் ஒன்றுபோலவே இருக்கும். நாங்கள் குறிவைத்த ஒன்றை மட்டும் அல்லாமல் இன்னும் பலவற்றையும் எங்கள் மூலக்கூறு அடைத்துக்கொண்டிருந்தது. மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தேன். மாறவில்லை.

இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவர் கேட்பார். "நடக்குது மாமா" என்பேன். வெட்கம்தான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். கீழே வாசல் காவலாளி போன் செய்தார். ஆம்பூரிலிருந்து ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். இறங்கிப் போனேன். கருப்பு புர்கா அணிந்த நடுவயதுப் பெண் ஒருவர், கையில் பிளாஸ்டிக் பைலோடு நிழலில் நின்றிருந்தார். மாமாவோடு ஒரே டிரம்மில் இருபது வருடமாக வேலை செய்யும் தோஸ்தின் மனைவி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"டாக்டரம்மா, உங்க மாமா எங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொன்னார். கேன்சருக்கு நீங்க புது மருந்து கண்டுபுடிச்சிருக்கீங்களாம். நம்ம கம்பெனில எல்லாருக்கும் தெரியும்."

"நான் டாக்டர் இல்லம்மா..."

"என் தங்கச்சிக்கு மார்ல கட்டி. ரெண்டு தடவை கீமோ ஏத்துனோம். முடி கொட்டிப்போச்சு, ஒரே வாந்தி, பேஜாராய்ட்டா. இந்தச் சேதி காதுல வுழுந்ததும் இனிமே அது வேணாம்னுட்டா. உங்க மருந்து வந்ததும் அதைச் சாப்பிட்டுக்கறேன்னு வீட்லயே உட்கார்ந்துக்கினு கீறா. மூணாவது தடவைக்கு வரச் சொன்ன தேதி தாண்டி ரெண்டு வாரம் ஆவுது. அதான், எப்ப குடுப்பீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஒரு போன். மூன்று வார்த்தை. அது எங்கே போய் எதை நிறுத்தியிருக்கிறது! நான் அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்து, அருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் குடுவையைத் தாண்டவில்லை, மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது, நல்ல செல்களையும் கொல்கிறது என்றேன்.

"அப்போ உங்க மாமா சொன்னது பொய்யா?"

"பொய் இல்லம்மா. ஆனா மருந்து இல்ல. தப்பு என்னுதுதான். அவசரப்பட்டு மருந்துன்னு சொல்லிட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பைலை மார்போடு அணைத்துக்கொண்டு, "இதை நான் போய்ச் சொன்னா அவ நம்பமாட்டா. நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

பேராசிரியரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "இப்பவே கிளம்பு" என்றார், அவ்வளவுதான். மாமாவுக்குப் போன் செய்தேன். நல்ல செல்கள் செத்ததையும், இந்தப் பெண்ணின் தங்கையையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "நான் பெருமைக்கு வாயை வுட்டுட்டேன் பாப்பா. நானும் வர்றேன்" என்றார்.

ஆம்பூர் பஸ் நிறுத்தத்தில் மாமா எங்களுக்காகக் காத்திருந்தார். வேலை உடுப்பை மாற்றக்கூட இல்லை. காலில் ரப்பர் பூட்ஸ் அப்படியே இருந்தது. அந்த வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில். மாமாவின் தோஸ்தும் ஷிப்டிலிருந்து வந்துவிட்டார். ஆண்கள் இருவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். திரையை விலக்கி அக்காக்காரி என்னை உள்ளே கூட்டிப் போனார்.

தங்கைக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மருந்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பேசியதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போது முன்னறையில் மாமாவின் குரல் கேட்டது. தோஸ்திடம்தான் பேசினார், ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்றே உரக்கப் பேசினார்.

"இந்தா, என் வயித்தைப் பாரு. எத்தனை ஊசி போட்ட தடம். இது எதுவும் எங்க பாப்பா கண்டுபுடிச்சது இல்ல. அது யாரோ, எந்த ஊரோ, எத்தனை வருஷம் உட்கார்ந்து பண்ணாங்களோ, எனக்குத் தெரியாது. அது என்னைக் கொண்டுவந்து டிரம்முகிட்ட நிறுத்திச்சு. நான் அதை வுட்டுட்டா பாப்பா மருந்துக்குக் காத்துக்கினு இருந்தேன்? ஒரு செவ்வாய்க்கெழமை தவறலியே. அதைச் சொல்லாம மத்ததை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன் பாரு, என் புத்தியை இன்னான்னு சொல்றது."

தங்கை சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்: "உங்க மருந்து எப்பதான் வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம். வராமலே போகலாம். இந்த வகையில மனுசங்களுக்குக் குடுத்துப் பார்க்கிற நிலைக்குச் சிலது வந்திருக்கு. கடைக்கு வந்தது ஒண்ணுகூட இல்ல."

அவள் திரும்பினாள். "பத்து வருஷம் கழிச்சு வந்தா, அதைச் சாப்பிட நான் இருக்கணுமில்ல?" என்றாள். பிறகு தன் அக்காவைப் பார்த்து, "ஆபா, பைலை எடு. நாளைக்குப் போலாம்" என்றாள்.

மறுநாள் காலை வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் நான் அவர்களுக்காக நின்றிருந்தேன். ரத்தம் பரிசோதித்து, மறுபடி தேதி கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வாந்திக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். அவள் மீதி எல்லாத் தடவையும் போட்டு முடித்தாள். அறுவை சிகிச்சையும் ஆயிற்று. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு முறை நானும் அவளும் லாங் பஜாரில் வளையல் கடை கடையாக ஏறி இறங்கினோம். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. அந்த இரண்டு வாரத்தைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. நான் மறந்ததில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் நான் மருந்து என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. மூலக்கூறு என்றுதான் சொல்கிறேன்.

மாமாவுக்கு ஊசிகள் நன்றாக வேலை செய்தன. நோய் அடங்கியதும் ரத்தத்தை உண்டாக்கும் அவருடைய மூலச் செல்களையே எடுத்து உறையவைத்து, மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் துடைத்து, அவற்றைத் திருப்பி ஏற்றினார்கள். ஏதோ பெரிய ஆபரேஷன் என்று அக்கா பயந்துகொண்டிருந்தாள். சாதாரண ரத்தப் பை போல ஒன்றைத் தொங்கவிட்டு, கை நரம்பு வழியாக ஏற்றி முடித்துவிட்டார்கள்.

"கைல ஏத்துனா எலும்புக்குள்ள எப்படிப் போவும்?" என்று கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து போனில் கேட்டார் மாமா.

"அதுவே வழி தெரிஞ்சு போய்டும் மாமா. ரத்தத்துல சுத்திச் சுத்தி, எலும்பு வந்ததும் அங்க இறங்கிக்கும்."

"யாரும் கூட்டிக்கினு போவாமலேயா?"

"யாரும் கூட்டிட்டுப் போகாமலே."

பத்து நாள் அவருடைய வெள்ளணுக்களின் எண்ணிக்கை அநேகமாகப் பூஜ்ஜியமாகவே இருந்தது. வாயெல்லாம் புண். பேச முடியாமல் கையால் ஜாடை காட்டுவார். பதினோராம் நாள் காலை அக்கா போன் செய்தாள். "ஏறிடுச்சாம்டி, கொஞ்சம் ஏறிடுச்சாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு இந்த உயிரியல் எல்லாம் தெரியும். தெரிந்தும், வழி கண்டுபிடித்து வந்து எலும்புக்குள் குடியேறி, புது ரத்தம் செய்யத் தொடங்கிவிட்ட அந்தச் செல்களை நினைத்து நான் ஆய்வக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் ஆய்வகத்தை வெளியாட்கள் வந்து பார்க்கும் நாளில் மாமா வந்தார். அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தார். டிரம் பக்கம் இனி போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பதனிட்ட தோல்களைப் பிரித்து அடுக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார். அவர் முறை வந்ததும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னேன்.

"உருண்டை உருண்டையா மின்னுது."

"அதுதான் மாமா. உங்களுக்கு வந்த நோயோட செல்லு."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "இது யாருது? என்னுதா?"

"உங்களுது இல்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ வெளிநாட்டுல ஒருத்தங்க மஜ்ஜையிலேர்ந்து எடுத்தது. அவங்க எப்பவோ இறந்துட்டாங்க. இது மட்டும் வளர்ந்துக்கிட்டே இருக்கு. உலகம் பூரா என்னை மாதிரி இருக்கிறவங்க இதுலதான் சோதிச்சுப் பார்க்கறோம். உங்களுக்குப் போட்ட ஊசியைக்கூட இந்த மாதிரிச் செல்லுலதான் முதல்ல போட்டுப் பார்த்திருப்பாங்க."

"அவங்க பேர் இன்னா?"

"தெரியாது மாமா."

மாமா நிமிர்ந்தார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் கூப்பினார். ஒரு பள்ளிப் பெண் சிரித்தாள். பக்கத்தில் இருந்த ஆசிரியை அவள் தோளைத் தொட்டு அடக்கினார். எங்கள் பேராசிரியர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கையை இறக்கிவிட்டு, தேவையில்லாமல் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சாப்பாட்டுக்கு எங்க போவணும் பாப்பா?" என்று கேட்டார்.

அந்தப் பழைய மூலக்கூறை நாங்கள் கைவிட்டுவிட்டோம். அது கற்றுக்கொடுத்ததை வைத்து, வேதியியல் குழு அதன் ஒரு முனையை மாற்றிப் புதிதாகச் சிலவற்றைச் செய்து அனுப்பியிருக்கிறது. குறிவைத்த நொதியின் இடுக்கில், மற்ற நொதிகளில் இல்லாத ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதாம். அதில் போய் உட்கார்வதற்காகச் செய்தவை. நேற்று மதியம் முதல் தட்டைத் தயார் செய்தேன். இடது பாதியில் நோய்ச் செல்கள், வலது பாதியில் நல்ல செல்கள். எல்லாவற்றிலும் புது மூலக்கூறை ஒரே அளவு விட்டு இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினேன். எழுபத்திரண்டு மணி நேரம் ஆக வேண்டும். அதுவரை யாருக்கும் போன் செய்வதற்கில்லை.